மைக்ரோகிளியாவைக் கலைக்காமல் பார்ப்பது

மூளையின் நோய் எதிர்ப்புக் கலமான மைக்ரோகிளியாவைப் படிக்க வருகிறவர் முதலில் கற்க வேண்டிய வேலை, அதைக் கலைக்காமல் பார்ப்பது. மூளைக்குள் ஒரு நுண்ணிய இரத்தக்குழாய் கசிந்தாலே போதும், சில நிமிடங்களில் சுற்றியுள்ள மைக்ரோகிளியாக் கிளைகள் அந்தப் பக்கம் நீளத் தொடங்கிவிடும். மயக்கமருந்து, மண்டையோட்டைத் துளைத்தபோது ஏறிய சூடு, அளவுக்கு மிஞ்சிய லேசர், மூளையை வெளியே எடுக்கத் தாமதித்த பத்து நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் அது பதில் சொல்லும். நாம் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லும். எந்தப் பதில் எதற்கானது என்று பிரித்தறிவதில்தான் இந்தத் துறையில் ஒருவருடைய ஆயுளின் பெரும்பகுதி செலவாகிறது.

இலங்கையில் பேராதனையிலோ பதுளையிலோ உயிரியல் படித்துக்கொண்டு, மூளையின் நிர்ப்பீடனக் கலங்கள் பற்றி ஆய்வு செய்ய ஆசைப்படும் தம்பி தங்கைமாருக்காக இதை எழுதுகிறேன். "உயிருள்ள மூளையைப் பார்க்கிற மாதிரிக் கருவி இங்கே இல்லையே" என்ற கவலைதான் அவர்களிடம் முதலில் வருகிறது. கருவி பெரிய விஷயம்தான். ஆனால் கை பழகுவது அதைவிடப் பெரிய விஷயம், அதை இங்கேயே பழகலாம்.

கலத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1919-இல் மட்ரிட்டில் பீயோ டெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளிக் காபனேற்றுச் சாயமுறையால் இதைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டி, பெயரும் வைத்தார். நரம்புக்கலங்கள் முளையத்தின் புறப்படையிலிருந்து வருகின்றன. மைக்ரோகிளியாவோ கருவூண் பையில் தோன்றி, மூளை உருவாகும் காலத்திலேயே உள்ளே வந்து தங்கிவிட்டவை. சுண்டெலியில் இதை உறுதிப்படுத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. சுண்டெலி மூளையின் கலங்களில் இவற்றின் பங்கு, இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 5 முதல் 12 சதவீதம்.

நீண்ட காலம் இவற்றை "ஓய்விலிருக்கும்" கலங்கள் என்றே எழுதி வந்தார்கள். காயமோ கிருமியோ வந்தால் விழித்துக்கொள்ளும், மற்றபடி சும்மா இருக்கும் என்பது கருத்து. 2005-இல் இரண்டு குழுக்கள் உயிருள்ள சுண்டெலியின் மூளையை இருபோட்டோன் நுணுக்குக்காட்டியால் (லேசரால் இழையத்தின் ஆழத்தைப் படம் பிடிக்கும் கருவி) பார்த்தபோது அந்தச் சொல் அடிபட்டுப் போனது. கலத்தின் உடல் இடம் மாறவில்லை. கிளைகளோ நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோமீற்றர் வேகத்தில் நீண்டும் சுருங்கியும், சில மணி நேரத்துக்குள் தம்மைச் சுற்றிய இழையம் முழுவதையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தச் சுண்டெலிகள் மயக்கத்தில் இருந்தன. இதை மறக்கக்கூடாது. 2019-இல் வந்த இரண்டு ஆய்வுகள், விழித்திருக்கும் சுண்டெலியில் கிளைகள் அவ்வளவு விரிவதில்லை என்று காட்டின. விழிப்பில் மூளைக்குள் நோரட்ரினலின் என்ற சைகை இரசாயனம் சுரக்கிறது. மைக்ரோகிளியாவின் மேற்பரப்பிலுள்ள பீட்டா2 வாங்கி (இத்தகைய சைகையைப் பிடிக்கும் புரதம்) அதைப் பிடித்ததும் கிளைகள் ஒடுங்குகின்றன. மயக்கமருந்து கொடுத்தால் நோரட்ரினலின் குறைந்து கிளைகள் விரிகின்றன. ஆக, பதினான்கு வருடம் எல்லோரும் பாடமாகச் சொல்லி வந்த அந்தச் சுறுசுறுப்பில் ஒரு பங்கு மயக்கமருந்தின் வேலை. கண்டுபிடிப்பு பொய்யில்லை, அளவுதான் மாறியது. இப்போது ஒரு கட்டுரை கையில் வந்தால் நான் முதலில் தேடுவது முடிவுகளை அல்ல, விலங்கு விழித்திருந்ததா என்ற ஒரு வரியை.

2019-இன் அந்த ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அனியா மயேவ்ஸ்காவின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ஒரு ஆய்வு வாழ்க்கை எப்படி நகர்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அவருடைய கட்டுரைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் படிக்க வேண்டும். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரஃபாயேல் யூஸ்தேயிடம் படித்தது நரம்புக்கலக் கிளைகளில் இருக்கும் முட்களைப் பற்றி. பெரும்பாலான தூண்டும் சினாப்சுகள் (நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திகள்) இந்த முட்களின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. அக்காலத்தில் இருபோட்டோன் நுணுக்குக்காட்டியைக் கடையில் வாங்குவது எளிதல்ல. அதைத் தாமே கட்டுவது பற்றி 2000-இல் வெளிவந்த கட்டுரையில் அவர்தான் முதல் ஆசிரியர். அடுத்து எம்.ஐ.டி.யில் மிரிகங்கா சூரிடம் போய், அதே முட்களை உயிருள்ள விலங்கின் பார்வை மேற்பட்டையில் (மூளையின் வெளிப்படையில் பார்வைக்கான பகுதி) பார்த்தார். கண்ணுக்கு வெளிச்சம் கிடைக்காவிட்டால் முட்களின் அசைவு மாறுகிறது என்ற கட்டுரை 2003-இல் வந்தது. ரொச்செஸ்டரில் தனி ஆய்வுகூடம் அமைந்த பிறகுதான் முள்ளுக்குப் பக்கத்தில் அசைந்துகொண்டிருக்கும் இன்னொரு கலத்தின் மேல் பார்வை திரும்பியது.

கவனியுங்கள், கேள்வி மாறவே இல்லை. அனுபவம் மூளையின் இணைப்புகளை எப்படி மாற்றுகிறது என்பதுதான் ஆரம்பம் முதல் கேள்வி. கருவியும் அதேதான். புதிதாய் வந்தது ஒரு கலம் மட்டுமே. அவருடைய ஆய்வுகூடத்தில் மரி ஏவ் திரம்ப்ளே 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இளம் சுண்டெலியை இருட்டில் வைத்து மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தபோது, எந்தக் காயமும் இல்லாமலே மைக்ரோகிளியா தன் வடிவத்தையும் சினாப்சுகளோடு உறவாடும் விதத்தையும் மாற்றிக்கொள்கிறது என்று காட்டியது. உயிருள்ள மூளையின் படத்தையும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தையும் அதில் சேர்த்தே பயன்படுத்தினார்கள். அசைவு தெரிய முதலாவது வேண்டும். எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, உள்ளே என்ன விழுங்கப்பட்டிருக்கிறது என்று தெரிய இரண்டாவது வேண்டும்.

ஏன் இவர்கள் கண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? ஹியூபல், வீசல் என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் 1960-களில் பூனைக்குட்டிகளில் காட்டியது இதற்கு அடிப்படை. குறித்த வயதில் ஒரு கண்ணை மூடி வைத்தால், திறந்த பிறகும் மேற்பட்டை அந்தக் கண்ணுக்குச் சரியாகப் பதில் சொல்லாது. வளர்ந்த பூனையில் அப்படி நடப்பதில்லை. 1981-இல் நோபல் பரிசு இதற்கும் சேர்த்துத்தான். நம் பிள்ளைகளிலும் இதே கதை உண்டு. மாறுகண் பிள்ளைக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லி அப்படியே விட்டுவிடும் வீடுகள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிட்டால் பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. நல்ல கண்ணை மறைத்துப் பழக்கும் சிகிச்சை ஏழு வயதுக்கு முன் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும். பிள்ளையைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோக எந்த மைக்ரோகிளியா ஆராய்ச்சியும் தேவையில்லை, உடனே போகலாம்.

சுண்டெலியில் பரிசோதனை இப்படி நடக்கும். பிறந்து 28 நாள் ஆனதும், அதாவது அந்த உணர்திறன் காலத்தின் உச்சத்தில், ஒரு கண்ணின் இமைகளை மயக்கத்தில் தைத்து நான்கு நாள் விடுவார்கள். சுண்டெலியின் மேற்பட்டையில் இரு கண்ணும் சேரும் பகுதியில், எதிர்ப்பக்கக் கண்ணின் குரல் வழக்கமாக மற்றதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அந்தக் கண்ணை நான்கு நாள் மூடினால் இந்தச் சாய்வு குறைந்து இரண்டும் சமமாகி வரும். இதை அளக்க மேற்பட்டையில் சிவப்பு ஒளி விழச் செய்து, இரத்த ஒட்சிசன் மாற்றத்தால் வரும் மிகச் சிறிய ஒளிவேறுபாட்டைக் கமராவில் பிடிக்கலாம். கெடுவது எங்கே என்றால் தையலில்தான். நடுவில் இமை கொஞ்சம் திறந்துகொண்டாலும் அந்த விலங்கு கணக்கில் சேராது. கடைசியில் இமையைத் திறக்கும்போது விழிவெண்படலத்தில் கீறலோ வெண்மையோ தெரிந்தாலும் அப்படியே, ஏனென்றால் கண் பார்க்கவில்லையா, மேற்பட்டை கேட்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். தினமும் இருமுறை இமையைப் பார்த்துக் குறித்து வைக்காதவருடைய தரவை நான் நம்பமாட்டேன்.

இனி கவாத்து. சினாப்சுகளை மைக்ரோகிளியா நீக்குவதை ஆங்கிலத்தில் pruning என்கிறார்கள், செடியின் கிளைகளை வெட்டிவிடும் அந்த வேலைக்கு மலையகத்தில் நம் கையிலேயே ஒரு சொல் இருக்கிறது. அதனால் நான் கவாத்து என்றே எழுதுகிறேன். ஆனால் அந்தச் சொல் நம்மை இரண்டு இடத்தில் ஏமாற்றும். தேயிலைக் கவாத்தில் மலை முழுவதும் ஒரே மட்டத்தில் கத்தி போகும், எந்தக் கிளை நல்லது, எந்தக் கிளை சோம்பல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. மூளையில் அப்படியில்லை. 2012-இல் வந்த ஒரு ஆய்வில், பிறந்து ஐந்து நாளான சுண்டெலிக்குட்டிகளின் இரு கண்களிலும் வேறுவேறு நிறச் சாயம் ஏற்றி, விழித்திரையிலிருந்து மூளையின் நடுவிலுள்ள தலமசுக்குப் போகும் இழைகளைப் பார்த்தார்கள். மைக்ரோகிளியாவின் உள்ளே சாயம் இருந்தது. ஒரு கண்ணின் மின்செயலை மருந்தால் அடக்கியபோது, அந்தக் கண்ணிலிருந்து வந்த இழைகளே கூடுதலாக உள்ளே போயிருந்தன. வேலை செய்யாத கிளையைத் தேடிப்பிடிக்கும் கத்தி அது. எதை நீக்குவது என்று அடையாளமிடுவதில், கிருமிகளை அழிக்கப் பயன்படும் அதே நிரப்புப் புரதங்களுக்குப் பங்கு உண்டு என்பது 2007-இலேயே தெரிந்திருந்தது.

இரண்டாவது ஏமாற்று, "வெட்டு" என்ற எண்ணம். 2018-இல் உயிருள்ள இழையச் சீவல்களில் நேரடியாகப் படம் பிடித்துப் பார்த்தவர்கள், மைக்ரோகிளியா நரம்பிழை முனைகளிலிருந்து சிறுசிறு துணுக்குகளைக் கடித்தெடுப்பதைக் கண்டார்கள். முழு முள்ளொன்றை விழுங்குவதைக் காணவில்லை. அது தொட்ட இடங்களில் முள் புதிதாக நீள்வதும் நடந்தது. ஆகவே "மைக்ரோகிளியா சினாப்சைத் தின்கிறது" என்று ஒரே வாக்கியத்தில் எழுதும் செய்திகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடத்துக்கு இடமும் விதி மாறுகிறது. நரம்புக்கலத்துக்கும் மைக்ரோகிளியாவுக்கும் இடையே பேச்சு நடத்தும் சீஎக்ஸ்3சீஆர்1 வாங்கி இல்லாத சுண்டெலிகளின் ஹிப்போகம்பசில் (நினைவுக்கான மூளைப் பகுதி), வளர்ச்சிக் காலத்தில் முட்கள் மிகையாகத் தங்கிவிடுகின்றன என்று 2011-இல் காட்டினார்கள். அப்படியானால் கண்ணை மூடும் பரிசோதனையும் இவற்றில் தோற்க வேண்டுமல்லவா? 2017-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே பார்த்தன, மயேவ்ஸ்காவின் குழு அதில் ஒன்று. தோற்கவில்லை. பார்வை மேற்பட்டை வழக்கம்போலவே மாறியது. அதற்கு முந்தைய வருடம் இதே குழு பீ2வை12 என்ற வேறொரு வாங்கியை நீக்கியபோது மாற்றம் நின்றுபோனது. காயத்திலிருந்து கசியும் ATP, ADP மூலக்கூறுகளை முகர்ந்து கிளையை நீட்டச் செய்யும் வாங்கி அது. காயத்தை நோக்கிப் போகப் பயன்படும் அதே உறுப்பு, காயமே இல்லாத மூளையில் அனுபவத்தைப் பதிக்கவும் தேவைப்படுகிறது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த முடிவு இது. அந்த "தோற்கவில்லை" கட்டுரையையும் அதே மதிப்போடு வைத்துப் படிக்க வேண்டும், அது இல்லாவிட்டால் எத்தனையோ பேர் தவறான வாங்கியின் பின்னால் வருடக்கணக்கில் அலைந்திருப்பார்கள்.

மண்டையோட்டு வேலைக்கு வருகிறேன். உயிருள்ள மூளையைப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, எலும்பை வட்டமாக வெட்டியெடுத்துக் கண்ணாடி வைப்பது. மற்றது, எலும்பை எடுக்காமல் தேய்த்து மெலிதாக்கி அதனூடே பார்ப்பது. 2007-இல் ஒரே மேற்பட்டையை இரண்டு வழியிலும் பார்த்து ஒப்பிட்டார்கள். எலும்பைத் திறந்த மூளைகளில் மைக்ரோகிளியா கிளர்ந்திருந்தது, முட்கள் தோன்றி மறைவதும் கூடியிருந்தது. பார்ப்பதற்காகத் திறந்த சன்னலே பார்க்கப்படும் பொருளை மாற்றியிருக்கிறது.

மெலிதாக்கும் முறையில், ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள எலும்பை 20 மைக்ரோமீற்றர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெளிப்படையையும் நடுவிலுள்ள பஞ்சுபோன்ற படையையும் அதிவேகத் துளைப்பானால் எடுத்து, கடைசிப் பகுதியைச் சிறு சத்திரக்கத்தியால் சுரண்டுவார்கள். சில வினாடிக்கு ஒருமுறை நிறுத்திக் குளிர்ந்த உப்புக்கரைசல் ஊற்ற வேண்டும், எலும்பு சூடானால் கீழே மூளையும் சூடாகும். கத்தியைக் கீழ்நோக்கி அழுத்தக்கூடாது. கிடையாக மட்டும் இழுக்க வேண்டும். அழுத்தினால் எலும்பு வளைந்து கீழே குருதி கசியும், அன்றைய விலங்கு அத்தோடு போயிற்று. தடித்து விட்டால் படம் மங்கும், அப்போது பலர் செய்வது லேசரைக் கூட்டுவது. அதுதான் அடுத்த பிழை. மைக்ரோகிளியாவை ஒளிரச் செய்யும் பச்சை ஒளிர்புரதத்துக்கு 920 நனோமீற்றர் அலைநீளம் போதும். வலு கூடினால் சில நிமிடத்தில் கிளைகள் எல்லாம் ஒரு புள்ளியை நோக்கிச் சாயும். அப்படிச் சாய்ந்தால் அங்கே எரிந்துவிட்டது என்று பொருள், அந்தக் காட்சியைச் "செயற்பாடு" என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படக்கட்டு, ஒரு மைக்ரோமீற்றர் இடைவெளியில் ஆழப் படங்கள், ஒரு மணி நேரம். பிறகு அடுத்தடுத்த இரு படங்களை மேலே மேலே வைத்து, புதிதாய் வந்த புள்ளிகள், மறைந்த புள்ளிகள், மாறாதவை என்று எண்ணினால் அசைவுக்கு ஒரு எண் கிடைக்கும். மூச்சு விடும்போது மூளை அசைவதையும் இந்தக் கணக்கு கிளை அசைவாகவே எண்ணும். ஆகவே படங்களை முதலில் ஒன்றோடொன்று பொருத்தி நிலைப்படுத்தாமல் கணக்குப் போடக்கூடாது.

இதெல்லாம் கண்டியில் செய்ய முடியாதென்று வைத்துக்கொள்வோம். என்ன செய்யலாம்? நிலைப்படுத்திய, அதாவது கெடாதபடி இரசாயனத்தால் உறுதியாக்கிய, இழையத்தில் செய்யக்கூடியது நிறைய. நான் இங்கே நீளமாக எழுதப் போவது அதைத்தான், ஏனென்றால் நல்ல கைகள் இங்கேதான் உருவாகின்றன. எதைத் தொடும் முன்பும் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி கையில் இருக்க வேண்டும்.

நான்கு சதவீதப் பரபோர்மல்டிஹைட்டுக் கரைசலைப் புகைப்பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள். தண்ணீரை 60 பாகைக்குச் சூடாக்கித் தூளைப் போட்டு, கலங்கல் தெளியும் வரை சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விடுங்கள். 65-ஐத் தாண்டினால் சரக்குச் சிதையும். பொசுபேற்றுத் தாங்கற்கரைசலோடு சேர்த்து, ஆறியபின் பீஎச் 7.4-க்குக் கொண்டுவந்து வடிகட்டுங்கள். இதயத்தின் வழியே ஊற்றும்போது, சுண்டெலிக்கு முதலில் 20 முதல் 30 மில்லிலீற்றர் குளிர்ந்த பீபீஎஸ் (பொசுபேற்றுத் தாங்கல் உப்புக்கரைசல்), பிறகு 40 மில்லிலீற்றர் அளவு நிலைப்படுத்தி. வெள்ளெலிக்கு (rat) நிலைப்படுத்தி மட்டும் 200 மில்லிலீற்றருக்குக் குறையக்கூடாது. ஈரல் வெளிறுகிறதா என்று பாருங்கள். வெளிறாவிட்டால் இரத்தம் மூளையிலும் தங்கியிருக்கிறது, பின்னால் சாயமேற்றும்போது ஒவ்வொரு செங்குருதிக் கலமும் பழுப்பாகி உங்களைக் குழப்பும். மூக்கால் நீர் வந்தால் அழுத்தம் கூடிவிட்டது. மயக்கத்திலிருந்து நிலைப்படுத்தி உள்ளே போகும்வரை எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு விலங்குக்கும் எழுதி வையுங்கள். தாமதமானால் கிளைகள் சுருங்கத் தொடங்கும், கட்டுப்பாட்டுக் குழுவும் நோயாளிக் குழு போலவே தெரியும்.

மூளையை அதே நிலைப்படுத்தியில் 4 பாகையில் ஓரிரவு வைத்தால் போதும். வார இறுதி முழுக்க விட்டுவிட்டால் பிறபொருளெதிரி (குறித்த புரதத்தைத் தேடிப் பிடிக்கும் புரதம், antibody) பற்றிக்கொள்ளும் இடங்கள் மறைந்துவிடும். பிறகு 30 சதவீதச் சீனிக் கரைசல். மூளை மிதக்கும், இரண்டு மூன்று நாளில் அடியில் இறங்கும். இறங்கும் முன் உறைய வைத்தால் பனிப்படிகம் இழையத்தைத் துளைத்து, சீவல் சல்லடையாகும். 40 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவுங்கள். கிளைகளை அளக்கப் போகிறீர்கள் என்றால் 10 மைக்ரோமீற்றர் சீவல் வேண்டாம், கலத்தின் கைகால்கள் எல்லாம் வெட்டுப்பட்டிருக்கும்.

சீவல்களைப் பீபீஎஸ்-இல் வைத்தால் நம் ஈரப்பதனுக்குப் பூஞ்சணம் பிடிக்கும் என்று கொஞ்சம் சோடியம் அசைட்டுச் சேர்ப்பார்கள். சரிதான். ஆனால் அசைட்டு, பழுப்பு நிறத்தை உண்டாக்கும் பெரொட்சிடேசு நொதியத்தை முடக்கும். பழுப்புச் சாய முறைக்குப் போகுமுன் பத்துப் பத்து நிமிடமாக நான்கைந்து முறை கழுவாவிட்டால் நிறமே வராது, நீங்கள் பிறபொருளெதிரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இந்த ஒரு காரணத்தால் வீணான மாதங்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

சாயமேற்றும் முறை: முதலில் 0.3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டில் அரை மணி, சொந்தப் பெரொட்சிடேசை அடக்க. கழுவி, 5 சதவீத ஆட்டு நீர்ப்பாயமும் 0.3 சதவீத டிரைட்டன் சவர்க்காரமும் சேர்ந்த கரைசலில் ஒரு மணி. பிறகு மைக்ரோகிளியாவிலுள்ள ஐபா1 என்ற புரதத்தைப் பிடிக்க முயலில் உண்டாக்கிய பிறபொருளெதிரி, ஆயிரத்தில் ஒன்று, 4 பாகையில் ஓரிரவு. மறுநாள் கழுவி இரண்டாம் பிறபொருளெதிரி, சாயம். ஒவ்வொரு தொகுதியிலும் முதற் பிறபொருளெதிரி இல்லாத ஒரு சீவல் கட்டாயம். ஐபா1 மைக்ரோகிளியாவை மட்டும் காட்டாது, இரத்தத்திலிருந்து வந்த பெருந்தின்கலங்களையும் காட்டும். காயமுள்ள மூளையில் பிரித்தறிய டிஎம்ஈஎம்119 போன்ற இன்னொரு குறியீடு வேண்டும்.

"அறை வெப்பநிலை" என்று செய்முறைத் தாளில் இருந்தால் அது 20 முதல் 25 பாகை. டிசம்பர், ஜனவரிக் காலையில் நுவரெலியாப் பக்கத்து அறை அதற்கு எவ்வளவோ கீழே. பழுப்புச் சாயம் அங்கே மெதுவாகத்தான் ஏறும். நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல், ஒரு முழுத் தொகுதியையும் ஒரே தட்டில், ஒரே நேரத்தில் நிறுத்துங்கள், அல்லது நீர்த்தொட்டியில் வெப்பத்தை நிலையாக வையுங்கள். மெழுகில் பதித்த சீவல்களில் பிறபொருளெதிரி பற்றும் இடங்களைத் திறக்க, சிட்ரேற்றுக் கரைசலில் 95 முதல் 100 பாகையில் சூடாக்கச் சொல்வார்கள். நுவரெலியாவின் 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. பிரஷர் குக்கர் தேவைப்படுவது அதனால்தான். பேராதனை உயரத்தில் 98 அளவில் கொதிக்கும், அங்கே பிரச்சினை இல்லை.

பிறபொருளெதிரி விலை கூடியது, வந்து சேர வாரங்கள் ஆகும். வந்த அன்றே 5, 10 மைக்ரோலீற்றராகப் பிரித்து உறைய வையுங்கள். பனி தானாக உருகும் வீட்டுக் குளிர்ப்பெட்டி உறைப்பகுதியில் வைக்காதீர்கள், அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சூடாகிக் குளிரும். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமலிருப்பதே மருந்து. நுணுக்குக்காட்டி வில்லைகளில் நம் மழைக்காலத்தில் பூஞ்சணம் படரும். பாவிக்காத பொருள்வில்லைகளைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய டப்பாவில் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

அளப்பதற்கு ஃபிஜி என்ற இலவச மென்பொருள் போதும். ஷோல் முறையில் கல உடலை மையமாக்கி, இரண்டு மைக்ரோமீற்றருக்கு ஒரு வட்டமாக வரைந்து, ஒவ்வொரு வட்டத்தையும் எத்தனை கிளை வெட்டுகிறது என்று எண்ண வேண்டும். அழகாய்த் தெரியும் கலங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். படத்தின் மேல் கட்டம் போட்டு, எழுமாற்றாக வந்த கட்டத்திலுள்ள கலத்தை மட்டும் எடுங்கள். கோப்புகளின் பெயரை இன்னொருவர் மாற்றித் தரட்டும், எது எந்தக் குழு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. மூன்று விலங்கில் ஐம்பது ஐம்பது கலம் எண்ணினால் உங்கள் மாதிரி எண்ணிக்கை மூன்று, நூற்றைம்பது அல்ல. ஒரே மூளையிலுள்ள கலங்கள் ஒன்றையொன்று போலிருக்கும். இந்தப் பிழையோடு அச்சேறிய கட்டுரைகள் ஏராளம், அதைப் பார்த்து நீங்களும் செய்துவிட வேண்டாம். பெண் விலங்கையும் ஆண் விலங்கையும் கலந்து ஒரே சராசரி போடுவதும், ஒரு குழுவைக் காலையிலும் மற்றதை மாலையிலும் எடுப்பதும் அதே வகைப் பிழைகள்.

கிளை குறைந்து உடல் பருத்திருந்தால் "கிளர்ந்தது" என்று எழுதிவிடுவார்கள். வடிவம் மட்டும் வேலையைச் சொல்லாது. உள்ளே விழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் சீடி68 போன்ற இலைசோசோம் (விழுங்கியதைச் செரிக்கும் பை) குறியீட்டோடு சினாப்சுப் புரதத்தையும் சேர்த்துச் சாயமேற்றி, முப்பரிமாணத்தில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் கலத்தின் மேலே கிடக்கும் துணுக்கும் உள்ளே இருப்பது போலத் தெரியும்.

படிப்புப் பாதையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, பிறகு விஞ்ஞானம், மருத்துவம், மிருக வைத்தியம் எதிலிருந்தும் இங்கே வரலாம். மருத்துவ பீடம் கிடைக்காததைத் தோல்வியாகக் கருதி விஞ்ஞான பீடத்துக்குள் தலை குனிந்து நுழைகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, இந்தத் துறைக்கு அது நேர்வழி. தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்களுக்கு முதல் வருடம் ஆங்கில விரிவுரை கடினம். கலைச்சொல்லைத் தமிழில் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதில் குறைவொன்றுமில்லை. நான்காம் வருட ஆய்வுத்திட்டத்தை மேற்சொன்ன ஐபா1 வேலையில் செய்யுங்கள். கொஞ்சம் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், படப் பகுப்பாய்வில் பாதி அதுதான். அமெரிக்காவில் உயிர்மருத்துவக் கலாநிதிப் படிப்புகள் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளி மாதப்படியும் தருகின்றன, ஐந்தாறு வருடம் எடுக்கும். விண்ணப்பங்கள் பல இடங்களில் டிசம்பர் தொடக்கத்தில் முடிகின்றன. விண்ணப்பக் கட்டண விலக்குக் கேட்டு எழுதத் தயங்க வேண்டாம், கேட்டால் தருகிற இடங்கள் உண்டு.

ஆய்வுகூடத் தலைவருக்கு எழுதும் மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்டக்கூடாது. அவருடைய எந்தக் கட்டுரையின் எந்தப் படம் உங்களுக்குள் என்ன கேள்வியை எழுப்பியது, உங்கள் கையால் எதைச் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கூடவே ஒரு பக்கம் இணையுங்கள். அதில் உங்கள் சீவலின் ஒரு படம், ஷோல் வரைபு ஒன்று, அதற்குக் கீழே விலங்குகளின் எண்ணிக்கை. தோற்றுப்போன ஒரு சீவலின் படத்தையும் அசைட்டோ, தாமதமோ, பனிப்படிகமோ, அது ஏன் தோற்றது என்ற ஒரு வரியையும் பக்கத்திலேயே வையுங்கள். படிக்கிறவர் முதலில் நிற்கப்போவது அந்தப் படத்தில்தான்.